மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி

போலீஸ்காரர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் நான் அடிபட்ட மனைவியாக உட்கார்ந்திருக்கிறேன். மீசை வைத்த மனைவி. சட்டைக் காலரில் மைக் மாட்டிய மனைவி. இதை எங்கள் ஊரில் யாரிடமும் நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரிதான் சொன்னாள். கதை ஆளுக்கு ஒரு விதமாகப் பரவி, நான் சேலை கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனதாகக்கூட சலூனில் பேசிக்கொண்டார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது. எழுதும்போது எதிரில் யாரும் நின்று முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் மைக்செட் போடுகிறவன். விராலிமலையிலிருந்து புதுக்கோட்டை போகிற வழியில் எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பிறகு ஒயரும் ஆம்ப்ளிபயரும்தான். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரம் முழுவதும் என் பெட்டிகள்தான் சத்தம் போடும். நான் போட மாட்டேன். மைக்கில் நான் பேசியதெல்லாம் "ஹலோ, ஹலோ" மட்டும்தான். அதையும் கூட்டம் வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவேன்.

எனக்கு ஒரே தங்கை. அவள் என்னைப்போல இல்லை. எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய பேச்சு முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டாள் என்று எங்கள் ஆத்தா சொல்லும். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை சரக்கு வண்டி ஓட்டுகிறவர். மகள் திருச்சியில் விடுதியில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். அரசாங்கத் திட்டத்தில் வந்த வீடு, பட்டா உட்பட என் தங்கை பெயரில் இருக்கிறது. சித்தாள் கூலி மிச்சமாகட்டும் என்று செங்கலும் கலவையும் அவளே தலையில் சுமந்தாள். மாப்பிள்ளை அப்போது வாசலில் நின்று கொத்தனாருக்கு யோசனை சொன்னார்.

மாப்பிள்ளை அடிப்பார். இதை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு வரி பிடித்திருக்கிறது. சொல்வதற்கு இன்னும் அதிக காலம் பிடித்தது. அடி வாங்கினால் தங்கை ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஓரிரு நாள் கழித்து மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையோடு கூப்பிட வருவார். அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் நான் செய்கிற முதல் காரியம், உள்ளேயிருந்து நல்ல நாற்காலியைத் தூக்கிவந்து துண்டால் துடைத்துப் போடுவது. "வாங்க மாப்ள" என்பேன். என் வாழ்க்கையில் நான் தடங்கல் இல்லாமல் பேசுகிற ஒரு வாக்கியம் அதுதான். பிறகு கோழி வாங்க ஓடுவேன். பகை வேறு, மாப்பிள்ளை வேறு என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

ஒருமுறை அப்படிப் பரிமாறிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"அண்ணே, கால் துண்டை மறக்காம அவருக்கு வையி. அடிச்ச கை அசந்து போயிருக்கும்ல."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நான் குழம்புக் கரண்டியோடு நின்றேன். கால் துண்டு ஏற்கெனவே அவர் இலையில்தான் இருந்தது.

இந்த முறை அவள் வந்தபோது இடது மணிக்கட்டில் கட்டு இருந்தது. கையை முறுக்கிவிட்டார். அதற்கு முன்பே நாங்கள் இரண்டு முறை போலீஸ் நிலையம் போய் வந்திருந்தோம். அங்கே எங்கள் புகாரைப் பார்த்தவர் ஒரு ஏட்டய்யா. அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் வெந்துவிடும். நெற்றி நிறைய விபூதி, மெதுவான பேச்சு. "எஞ் சர்வீஸ்ல ஒரு குடும்பத்தைக்கூட நான் பிரிச்சதில்ல" என்று சொல்வதில் அவருக்கு அவ்வளவு பெருமை. சேர்த்துவைத்த குடும்பங்கள் பிறகு என்ன ஆயின என்பது அவர் வேலையில் வராது.

முதல் முறை, தங்கையிடம் அன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டார். பிறகு மாப்பிள்ளையை வரவழைத்து, உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். தங்கை நின்றாள். தங்கைக்குப் பின்னால் நான் நின்றேன். "மாப்ள, இனிமே கையை நீட்டாதீங்க. ஏம்மா, நீயும் வாயை நீட்டாத" என்று தீர்ப்புச் சொன்னார். கையும் வாயும் ஒரே நீளம் என்பது அவர் கணக்கு. இரண்டாவது முறை, "ரெண்டு நாள் அண்ணன் வீட்டுல இரு தாயி. எல்லாம் சரியாயிரும்" என்றார். வீடு தன் பெயரில் இருக்கிறது என்று தங்கை ஆரம்பித்தாள். "வீடு யாரு பேருல இருந்தா என்னம்மா, குடும்பம் ஒண்ணுதானே" என்று முடித்துவிட்டார்.

மூன்றாவது முறையாக அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். தங்கை என்னிடம் சொன்னாள்:

"இந்தத் தடவையும் புத்தி சொல்லித் திருப்பி அனுப்புனாங்கன்னா, இனிமே எந்த ஸ்டேசன் படியும் ஏற மாட்டேண்ணே. வாங்குறத வாங்கிக்கிட்டு அங்கயே கெடந்துருவேன். ஒங்க வீட்டுக்கும் வர மாட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். அதுதான் எனக்குப் பயம்.

அந்த வாரம்தான் புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மைக்செட் கேட்டு அழைப்பு வந்தது. கல்யாணம் என்று நினைத்துத்தான் போனேன். மண்டபம் முழுக்கக் காக்கிச் சட்டை. பல நிலையங்களிலிருந்து போலீஸ்காரர்களை வரவழைத்து, குடும்ப வன்முறைப் புகார்களை எப்படிக் கையாள வேண்டும் என்று பயிற்சி. முந்தின நாள் கல்யாணத்து மேடை அலங்காரத்தை இன்னும் பிரிக்கவில்லை. அதை மறைத்துப் பயிற்சி பேனரைக் கட்டியிருந்தார்கள். பேனர் கொஞ்சம் சின்னது. குடும்ப வன்முறை என்ற எழுத்துக்கு மேலே தெர்மாகோலில் "மணமக்கள் வாழ்க" என்பது நன்றாகத் தெரிந்தது.

வகுப்பு எடுத்தவர் ஒரு பெண் டி.எஸ்.பி. ஒல்லியான உருவம், கண்ணாடி, ஊரை அடக்குகிற குரல். அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை. என் தொழிலுக்காக அப்படிச் சொல்லாமல் இருந்தேன். காலை முழுவதும் சட்டம் சொன்னார். அடி மட்டும் வன்முறை இல்லை, கேவலமாகப் பேசுவதும், சாப்பாட்டுக்குக் கொடுக்காமல் இருப்பதும், வீட்டைவிட்டுத் துரத்துவதும் வன்முறைதான் என்றார். புகாரோடு வருகிற பெண்ணுக்கு அவளுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்பதைச் சொல்லவேண்டியது உங்கள் கடமை என்றார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். சிலர் ஒத்துக்கொண்டு ஆட்டினார்கள், சிலர் தூக்கத்தில் ஆட்டினார்கள். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மைக்கை வைத்துவிட்டு, "போதும். இப்ப செஞ்சு பாப்போம். இது ஸ்டேசன். ஒரு பொண்ணு அடிபட்டுப் புகாரோட வருது. அந்தப் பொண்ணா யாரு வாரீங்க?" என்றார்.

ஒரு பெண் காவலர் எழுந்தார். டி.எஸ்.பி. அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டார்.

"நீங்க வேணாம்மா. நீங்க போலீஸ் பதிலாத்தான் சொல்லுவீங்க. ஒரு ஆம்பள வாங்க. பொம்பளைய உக்கார வச்சா நீங்க பொம்பளையத்தான் பாக்குறீங்க. ஆம்பள உக்காந்தாலாவது, கேக்குற கேள்வி ஒங்க காதுலயே விழுகுதான்னு பாப்போம்."

ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அடிபட்ட புருசன்னா சொல்லுங்கம்மா, வீட்டு அனுபவத்துலயே நடிச்சுருவேன்."

மண்டபமே சிரித்தது. டி.எஸ்.பி. அம்மா சிரிக்காமல் கண்ணை ஓட்டினார். அது வரிசை வரிசையாக வந்து பெட்டிக்குப் பின்னால் நின்றது.

"மைக்செட் அண்ணே, இங்கிட்டு வாங்க."

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"ஒங்களத்தாண்ணே."

"எனக்குப் பேச வராதுங்க" என்றேன்.

"அதுதான் வேணும். அடி வாங்கிட்டு வர்ற பொண்ணுக்கு மட்டும் பேச வருதா? வாங்க."

என் மைக்கையே எடுத்து என் காலரில் மாட்டிவிட்டார்கள். மேடைக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒன்றில் என்னை உட்காரவைத்தார்கள். மற்றதில் நிலைய அதிகாரியாக உட்கார முன்வரிசையிலிருந்து ஒருவரைக் கைகாட்டினார் டி.எஸ்.பி. அம்மா. விபூதியைப் பார்த்ததுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. எங்கள் ஏட்டய்யா. அவருக்கு என்னைத் தெரியவில்லை. அவர் நிலையத்தில் நான் பின்னால் நிற்கிற ஆள். பின்னால் நிற்கிறவர்களின் முகத்தை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

ஏட்டய்யா செருமிக்கொண்டார்.

"என்னம்மா பிரச்சனை?"

"அம்மா" என்றதும் மண்டபம் சிரித்து அடங்க நேரமாயிற்று. அதற்குள் எனக்கு ஒன்று புரிந்தது. நான் பேச வேண்டியதில்லை. தங்கை பேசினதைத் திருப்பிச் சொன்னால் போதும்.

"வீட்டுக்காரர் கையை முறுக்கிட்டாருங்க."

"எதுக்கு முறுக்குனாரு?"

"தெரியலைங்க."

"காரணம் இல்லாம எப்பிடிம்மா? கொழம்புல உப்பு கிப்பு கூடிருச்சா?"

"கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. நல்லாச் சாப்ட்டு, கையைக் கழுவித் தொடச்சுக்கிட்டுத்தான் முறுக்குனாரு."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"தண்ணி போடுவாரா?"

"போடுவாரு. போடாத அன்னைக்கும் அடிப்பாரு."

"நீ எதுத்துப் பேசுனியா?"

"பேசுனா வாய் நீளம்பாரு. பேசலைன்னா திமிரும்பாரு. எதைச் செய்யலாம்னு நீங்களே சொல்லுங்கய்யா."

ஏட்டய்யா வழக்கமான பாதைக்குத் திரும்பினார். குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், பெண்தான் அனுசரித்துப் போகவேண்டும் என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பக்கவாட்டு வாசல் வழியாக "எங்கய்யா எம் பொண்டாட்டி?" என்று ஒரு அதட்டல் கேட்டது. டி.எஸ்.பி. அம்மா. தொப்பியைக் கழற்றிவிட்டு, சமையல்காரரிடம் ஒரு துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தார். அந்த நடை அப்படியே எங்கள் மாப்பிள்ளை நடை. எங்கே பார்த்தாரோ தெரியாது.

ஏட்டய்யா சட்டென்று எழுந்தார். "வாங்க மாப்ள, வாங்க."

இரண்டு நாற்காலிதான் இருந்தது. ஏட்டய்யா சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஏம்மா, கொஞ்சம் எந்திரி. மாப்ள நிக்கிறாருல்ல" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். நாடகம் என்று தெரியும். வந்தவர் பெண் என்று தெரியும். இருந்தாலும் எழுந்து, நாற்காலியைத் துண்டால் துடைக்கவும் செய்தேன். டி.எஸ்.பி. அம்மா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"டீ சொல்லட்டா மாப்ள?" என்றார் ஏட்டய்யா.

மண்டபம் வெடித்தது. பின்வரிசைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். டி.எஸ்.பி. அம்மா மட்டும் சிரிப்பு அடங்கும்வரை துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டய்யா, இப்ப நான் யாரு?"

"அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரும்மா."

"கையை முறுக்குனது யாரு?"

"நீங்கதாம்மா."

"அப்ப நின்னுக்கிட்டுப் பதில் சொல்ல வேண்டியது யாரு?"

ஏட்டய்யா நெற்றி விபூதியைத் தடவிக்கொண்டார்.

"நான் அந்தப் பொண்ணு வீட்டுக்கு மாப்ள. இந்த ஸ்டேசனுக்குமா மாப்ள?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரி, அவருதான் சொன்னாரு. நீங்க எதுக்குண்ணே எந்திரிச்சீங்க?"

"மாப்ள வந்தா எந்திரிக்கணும்லங்க" என்றேன்.

இந்த முறை அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா? அடி வாங்குன ஆளே எந்திரிச்சு எடம் குடுக்குறாரு. நீங்க எந்திரிக்கச் சொல்லவே வேண்டியதில்ல. அதான், நீங்க உக்காருன்னு சொல்லணும்."

மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார். ஏட்டய்யா இந்த முறை கவனமாக இருந்தார். உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. கைக்கு வைத்தியம் பார்த்தாயா என்று கேட்டார். கேட்டுவிட்டு, சரிதானா என்று டி.எஸ்.பி. அம்மாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். ஏட்டய்யாவுக்குத் தைரியம் வந்தது.

"சரிம்மா. இப்ப நீ எங்க போகப் போறே? அம்மா வீட்டுக்கா, வீட்டுக்காரர்கிட்டயா?"

"எங்க வீட்டுக்குங்க."

"அதான்மா, எந்த வீட்டுக்கு?"

"நான் கலவை சொமந்து கட்டுன வீட்டுக்கு. அது எம் பேர்ல இருக்கு. நான் எதுக்குங்க எங்கிட்டாவது போகணும்? அவரு எங்க போறாருன்னு அவரைக் கேளுங்க."

இது தங்கை எங்கள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு அன்று காலையில் என்னிடம் கேட்டது. பெட்டிகளை ஏற்ற வந்த வண்டிக்கு நேரமாயிற்று என்று கிளம்பி வந்திருந்தேன்.

ஏட்டய்யா என்னைப் பார்த்தார், டி.எஸ்.பி. அம்மாவைப் பார்த்தார். "அம்மா, இந்த மாதிரி எந்தப் பொண்ணும் கேட்டதில்லைம்மா" என்றார்.

"கேட்டிருப்பாங்க ஏட்டய்யா. நீங்க அதுக்குள்ள புத்தி சொல்ல ஆரம்பிச்சிருப்பீங்க."

பிறகு அவர் எல்லாருக்குமாகச் சொன்னார். வீடு அவள் பெயரிலேயே இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. ஆபத்து என்றால் அடித்தவனை வெளியே போகச் சொல்ல நீதிமன்றத்தால் முடியும். அதற்கு மனு போட மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவரிடம் அனுப்பி வைக்க வேண்டும். குற்றம் நடந்திருந்தால் அதற்கு வழக்கும் போட வேண்டும், அது தனி. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டேன். அன்று அந்த மண்டபத்தில் தூங்காமல் பாடம் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். எல்லாரும் பக்கத்துப் பந்திக்கூடத்துக்குப் போனார்கள். நான் பெட்டிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து மூச்சு விட்டேன். கை கழுவப் போன ஏட்டய்யா வழியில் என்னிடம் வந்தார்.

"நல்லா நடிச்சீங்கண்ணே. கண்ணுல தண்ணி வந்துருச்சு. நாடக ஆளா நீங்க?"

"நடிக்கலைங்க" என்றேன். "அது எந் தங்கச்சி சொன்னது."

நான் சொன்னது எனக்கே இரண்டு முறை கேட்டது. ஒருமுறை என் வாயிலிருந்து. இன்னொரு முறை பந்திக்கூடத்தில் நான் கட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து. காலர் மைக்கை நான் அணைக்கவில்லை. ஊரெல்லாம் மணமேடையில் மைக்கை அணைக்காமல் பேசுகிறவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறவன் நான். பந்திக்கூடத்தில் சட்டென்று பேச்சு நின்றது. இலையில் கை வைத்தவர்கள் அப்படியே இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

என் விரல் மைக்கின் பொத்தானுக்குப் போய்விட்டது. அழுத்தினால் முடிந்தது. நான் அழுத்தவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தால், எதிரில் நின்றது ஏட்டய்யா ஒருவர்தான். மற்றவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம். முகம் தெரியாத கூட்டத்திடம் பேசுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"ரெண்டு தடவ ஒங்க ஸ்டேசனுக்கு வந்தோம்யா" என்றேன். "நீங்க மாப்ளைக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க. எந் தங்கச்சியை எங்க வீட்டுக்குப் போகச் சொன்னீங்க. வர்ற திங்கக்கெழமை மறுபடி வாரோம். இந்தத் தடவையும் திருப்பி அனுப்புனீங்கன்னா அது இனிமே யாருகிட்டயும் வராதுய்யா. அடி வாங்கியே செத்துரும்."

ஏட்டய்யாவின் கண் என் காலருக்கு வந்தது. அதில் சின்னதாகப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. அணைத்துவிட்டேன்.

டி.எஸ்.பி. அம்மா கையில் சோறு ஒட்டியபடியே பந்திக்கூடத்து வாசலுக்கு வந்து நின்றார். யாரையும் திட்டவில்லை. "திங்கக்கெழமை என்ன நடந்துச்சுன்னு சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுங்க ஏட்டய்யா" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்ச் சாப்பிட்டார். நான் அன்று மண்டபத்தில் சாப்பிடவில்லை. வெட்கம்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரி அரிவாள்மனையிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"பொண்டாட்டியாவா? நீங்களா? எங்கூட இத்தனை வருசம் இருந்ததுக்கு அங்க போயித்தான் வாயைத் தொறந்தீங்களாக்கும்!"

தங்கை சுவரில் சாய்ந்து சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "அத்தாச்சி, அந்த மைக்கை வீட்டுலயும் ஒண்ணு மாட்டி விடுங்க" என்றாள் அண்ணியைப் பார்த்து. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவரை வெளிய போகச் சொல்லலாம்னு அந்தம்மா நெசமாவே சொன்னாங்களாண்ணே?" என்று கேட்டாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

திங்கட்கிழமை போனோம். நிலையத்தில் ஏட்டய்யாவின் மேசைக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எங்கிருந்தெல்லாமோ பொறுக்கி வந்ததுபோல ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள். "உக்காரும்மா" என்றார் தங்கையிடம். "நீங்களும் உக்காருங்கண்ணே" என்று என்னிடமும் சொன்னார். நான் விளிம்பில் உட்கார்ந்தேன். ஒரு பெண் காவலர் தங்கையிடம் தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். என்ன சமையல் என்று யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை வழக்கம்போல இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். ஏட்டய்யாவின் வாய் தானாகத் திறந்தது.

"வாங்க மாப்…"

அப்படியே நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளை இல்லை என்றால் அந்த ஆளை வேறு என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பயிற்சியில் அதைச் சொல்லித்தரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாங்க எதிர்மனுதாரரே" என்றார். எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பி வாசலைப் பார்த்தார்.

"மச்சான், என்ன இதெல்லாம்?" என்று என்னைக் கேட்டார். "நம்ம வீட்டுலயே பேசி முடிச்சிருக்கலாம்ல?"

எழுந்திருக்க எனக்குக் கால் துடித்தது. தங்கை தன் நல்ல கையால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

வழக்குப் பதிவானது. பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தோம். மனு போட்டோம். எல்லாம் ஒரே நாளில் ஆகிவிடவில்லை. நீதிமன்ற வராண்டாவில் பல நாள் வேப்பமர நிழலைப் பார்த்தபடி நின்றோம். நடுவில் ஏட்டய்யாவே ஒருமுறை, "பேசாம ரெண்டு குடும்பமும் ஒக்காந்து…" என்று ஆரம்பித்தார். தங்கை பார்த்த பார்வையில், "இல்ல, சும்மா கேட்டேன்" என்று முடித்துக்கொண்டார். பழைய வண்டி, அடிக்கடி பழைய தடத்தில்தான் போய் விழும்.

கடைசியில் உத்தரவு வந்தது. தங்கை அந்த வீட்டில் இருக்க வேண்டும், மாப்பிள்ளை வெளியேற வேண்டும், அந்தப் பக்கம் வரக்கூடாது.

உத்தரவோடு ஏட்டய்யாவும் அந்தப் பெண் காவலரும் முன்னால் போக, தங்கையும் நானும் என் மொபெட்டில் பின்னால் போனோம். காலை நேரம். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. பையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்புகிற பெண்களை அந்தத் தெரு நிறையப் பார்த்திருக்கிறது. பையோடு கிளம்புகிற ஆணை அன்றைக்குத்தான் பார்க்கிறது. மாப்பிள்ளைக்குப் பையை எப்படி அடுக்குவது என்றுகூடத் தெரியவில்லை. நான்கு சட்டையை வைத்ததும் பை நிறைந்துவிட்டது. தங்கை போய் உதவி செய்வாள் என்று எதிர்பார்த்ததுபோல ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆம்பள திடீர்னு எங்கய்யா போவேன்?" என்றார் ஏட்டய்யாவிடம்.

"ஒங்க அம்மா வீட்டுக்குப் போங்க" என்றார் ஏட்டய்யா. ஆறுதலாகத்தான் சொன்னார். இத்தனை வருடம் எத்தனையோ பெண்களுக்குச் சொன்ன அதே குரல். "ஒரு மாறுதலா இருக்கும்."

எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மாப்பிள்ளை போனார். போலீஸும் போயிற்று. தங்கை வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாகப் போய் ஜன்னலைத் திறந்தாள். பெருக்கினாள். அடுப்படியில் கிடந்த பாட்டில்களைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். மகளுக்குப் போன் செய்து, "வீட்டுலதான் இருக்கேன். நம்ம வீட்டுல" என்றாள். நான் கதவின் பூட்டை மாற்றினேன். மாற்றி முடித்துவிட்டு, வாசலில் ஒரு பக்கமாக உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, கெளம்பலையா?"

"ரெண்டு நாள் தொணைக்கு இருக்கலாம்னு பாத்தேன்" என்றேன்.

"நீயா? அவரு வந்தா என்ன பண்ணுவே? நாற்காலி போடுவியா?"

நான் கழற்றிய பழைய பூட்டைக் கையில் உருட்டினேன். அவளும் சொன்ன பிறகு கொஞ்சம் இறங்கிவிட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வந்தா போலீஸுக்குப் போன் பண்ணுவேன். அப்பறம் ஒனக்குப் பண்ணுவேன். போண்ணே. அத்தாச்சி தனியா இருக்கும். நான் கொஞ்ச நேரம் யாரும் இல்லாம, ஒரு சத்தமும் இல்லாம ஒக்காரணும். எத்தனை வருசமாச்சு தெரியுமா?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. நான் மொபெட்டை எடுத்தேன். அதன் சைலன்சர் ஓட்டை, கிளப்பினால் தெருக்கோடி வரை அலறும். ஸ்டார்ட் செய்யாமல் ஸ்டாண்டை மடக்கி, மெதுவாகத் தள்ளிக்கொண்டே நடந்தேன். தெருவில் நின்றவர்கள் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மெயின் ரோடு வந்த பிறகுதான் கிளப்பினேன்.